பெரட்டுத் தப்பும் கூத்துத் தப்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் தொடர்ந்து கூடிவருவது நம்மிடையே அரிய செய்தி. பிளவு, சோர்வு, வாடகைப் பாக்கி ஆகிய மூன்றையும் தாண்டி வந்திருக்கிறீர்கள். கவிதையைப் படித்துக் கைதட்டிக் கலைவதோடு நில்லாமல், படித்த கவிதையின்மேல் வழக்காடும் நல்ல பழக்கமும் இங்கு உண்டு. அந்தத் துணிவில்தான் நானும் இன்று சற்று வழக்காடும் நோக்கத்துடன் வந்திருக்கிறேன்.

ஆடலும் பாடலும் மக்களுக்குத் தரும் மகிழ்ச்சி பற்றியும் உரம் பற்றியும் பேசுமாறு செயலாளர் பணித்தார். பரந்த பொருள். பரந்த பொருளில் பேசுகிறவன் எதையுமே சொல்லாமல் மேடையைவிட்டு இறங்கிவிடும் வாய்ப்பு மிகுதி. ஆகவே ஒரு கருவி, ஒரு கூத்து, ஒரு மக்கள் கூட்டம் என்று சுருக்கிக்கொள்கிறேன். கருவி தப்பு. கூத்து காமன் கூத்து. மக்கள், இலங்கையின் மலையகத் தமிழர்.

மலையகத்தைப் பற்றிய கவிதை என்றால் நம் மனத்தில் முன்னரே ஒரு வார்ப்பு இருக்கிறது. மழை, அட்டை, கூடை, கண்ணீர், லயத்துக் காம்பிரா, தேயிலைக்கு உரமான பிணம். இவற்றில் எதுவும் பொய்யில்லை. 1820களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களுள் வழியிலேயே மாண்டவர் பலர். முதலில் கோப்பிக்காக வந்தார்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்கு மாற்றப்பட்டார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. ஆனால் இத்தனையையும் தாங்கிய மனிதர் இரவில் என்ன செய்தார் என்று நம் கவிதை கேட்டதுண்டா? அவர்களுக்காக அழுதோமே தவிர, அவர்கள் சிரித்த இடத்துக்கும் ஆடிய இடத்துக்கும் நாம் போகவில்லை. எப்போதும் அழுகிறவனாகவே ஒருவனைத் தீட்டுவதும் அவனைச் சிறுமைப்படுத்தும் ஒரு வழிதான். இதுவே என் வழக்கு. இனிச் சான்றுகளுக்கு வருகிறேன்.

தப்பு என்பது தமிழகத்தில் பறை என்று பெரிதும் வழங்கும் அதே கருவி. வளைந்த மரத்துண்டுகளை இணைத்துச் செய்த வட்டச் சட்டம்; அதன் ஒரு முகத்தில் இழுத்து ஒட்டிய தோல்; ஒரு கையில் நீண்டு மெலிந்த குச்சி, மறு கையில் குறுகித் தடித்த குச்சி. அடிப்பதற்கு முன் தீயில் காய்ச்ச வேண்டும். ஈரம் ஏறினால் தோல் தொய்ந்து ஒலி மங்கும்; சூடு ஏறினால் தோல் இறுகி ஒலி கூர்மைப்படும். தஞ்சைச் சமவெளியில் ஒருமுறை காய்ச்சினால் நெடுநேரம் தாங்கும் தப்பு, மலையின் பனிமூட்டத்தில் விரைவில் தொய்ந்துவிடும். அதனால் மலையகத்தில் தப்பு ஒலிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இரவு முழுவதும் ஒரு நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். ஆட்டக்காரரும் குழந்தைகளும் அந்த நெருப்பைச் சுற்றியே குளிர்காய்வார்கள்.

இக்கருவிக்குத் தோட்டத்தில் முதலில் வாய்த்த வேலை ஆட்டத்துக்கானதன்று. இருள் பிரியுமுன்னே தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைக்கக் கொம்பு ஊதினார்கள், தப்பு அடித்தார்கள். பெரட்டு என்பது ஆங்கிலேயரின் படை அணிவகுப்புச் சொல் மலையகத் தமிழர் நாவில் உருமாறி வந்த வடிவம். அங்கே பெயர் பதியும். எந்த மலைக்கு யார் என்று வேலை பிரியும். பிந்தியவருக்கு வேலை மறுக்கப்படலாம். வேலை குறைந்தால் அரைப்பேர்தான் விழும். கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்ட மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை அந்த விடியற்காலத் தப்பொலியில்தான் தொடங்குகிறது. அவ்வொலியைக் கேட்டு வளர்ந்தவர் அவர்.

அதே தப்பு, பெரும்பாலும் அதே கைகளில், மாசி மாதத்து இரவுகளில் வேறு வேலை பார்த்தது. சில ஆண்டுகளுக்குமுன் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முதிய தப்புக் கலைஞர் ஒருவரிடம், பெரட்டுக்கு அடிப்பதற்கும் கூத்துக்கு அடிப்பதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். தாளக்கட்டு எதையாவது சொல்வார் என்று குறிப்பேட்டைத் திறந்துவைத்திருந்தேன். அவர் சொன்னது இது: “பெரட்டுக்குக் கை போதும்ங்க. கூத்துக்கு ஆளே வேணும்ங்க.”

காமன் கூத்து மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையை ஒட்டித் தொடங்கிப் பௌர்ணமியில் முற்றுப்பெறும். காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி, வைக்கோற் புரி சுற்றி, ஆடுவோர் காப்புக் கட்டிக்கொள்வார்கள். அன்று முதல் விரதம். பகலில் அவர்களும் மலைக்கு வேலைக்குப் போகிறவர்கள்தாம். இரவில் ரதியும் மன்மதனுமாக ஒப்பனை செய்து, சலங்கை கட்டி, லயம் லயமாக ஆடிச் செல்வார்கள். ரதி வேடமும் ஆண்மகனுக்கே. வாத்தியார் பாட, தப்பு பதில் சொல்லும். இறுதி இரவில் தூதன், எமன், வீரபத்திரன் என ஒவ்வொரு வேடமாகப் பொட்டலுக்கு வந்து சேர, விடியலை நெருங்கும்போது காமன் எரிக்கப்படுவான்.

கதை நாம் அறிந்ததே. கந்தபுராணத்தில் காமதகனப் படலம் படித்தவர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. சூரபன்மன் கொடுமையால் தேவர்கள் துன்புறுகிறார்கள். சிவன் தவத்தில் இருக்கிறான். தவத்தைக் கலைக்க மன்மதனை ஏவுகிறார்கள். அவன் நெற்றிக்கண்ணில் எரிகிறான். ஆனால் புராணத்தில் ஒரு படலமாக நிற்பதைத் தோட்டத்து மக்கள் பல இரவுகளாக நீட்டியது ஏன்? நீட்டிய இடம் எது என்று பார்த்தால் விடை கிடைக்கும். ரதி மன்மதனைத் தடுக்கும் இடம். தீய கனவு கண்டேன், போகாதே என்கிறாள் அவள். மேலிடத்துக் கட்டளை, மீற முடியாது என்கிறான் அவன். இருவரும் பாட்டாக வழக்காடுகிறார்கள். அவள் விட்டுக்கொடுப்பதில்லை. அவனும் போகாமல் இருப்பதில்லை. கட்டளைக்குப் பணிந்து போனவன் எரிகிறான். கட்டளையிட்டவர்களுக்கு ஒரு கேடும் நேர்வதில்லை. பெரட்டுக் களத்தில் நாள்தோறும் கட்டளை கேட்டு நிற்பவனுக்கு இந்தக் கதையில் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. இது என் வாசிப்பு. கூத்தாடுகிறவர்கள் இவ்வாறு சொல்லி நான் கேட்டதில்லை. ஆயினும் ரதி சிவனை நோக்கி நீதி கேட்கும் கட்டத்தில் லயத்துப் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவதைக் கண்டவர்கள், அவர்கள் புராணத்துக்காக மட்டுமே அழுதார்கள் என்று நம்புவது கடினம்.

அழுகை வந்துவிட்டதே, மகிழ்ச்சி எங்கே என்று கேட்பீர்கள். அந்த இரவு முழுவதையும் கண்டவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். ரதி ஒப்பாரியை முடித்த சிறிது நேரத்தில் கோமாளி வருவான். துரையைப் போல நடந்துகாட்டுவான். கணக்கப்பிள்ளையின் குரலில் பெயர் கூப்பிடுவான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். பிறகு தப்பின் நடை மாறும். அடவு விரையும். பகலில் அந்த உடலைப் பாருங்கள்: தலையில் மாட்டிய கயிறு முதுகுக் கூடையின் பாரத்தை இழுக்க, கழுத்து முன்னோக்கி வளைந்து, கண் தளிரை விட்டு நீங்காமல், ஒவ்வொருவரும் தனித்தனியே. தராசும் ஒவ்வொருவரையும் தனித்தனியேதான் நிறுக்கிறது. இரவில் அதே உடல்கள் நிமிர்ந்து வட்டமாகின்றன. ஒருவர் கால் தவறினால் அடுத்தவர் தோள் தாங்குகிறது. எவரும் எவரையும் நிறுப்பதில்லை. சோர்ந்த உடல் இன்னும் சோரத்தானே வேண்டும்? அவ்வாறு நிகழ்வதில்லை. நாள் முழுவதும் கட்டளைக்கு அசைந்த கை கால் தன் விருப்பத்துக்கு அசையும்போது எங்கிருந்தோ ஒரு வலு ஊறுகிறது. இதை உடலியலார் எப்படி விளக்குவார்களோ அறியேன்; ஆடியவர்கள் யாவரும் அறிவார்கள்.

இவ்விடத்தில் கவிஞர்களுக்கென்று ஒரு செய்தி. தஞ்சை வட்டாரத்துக் காமன் பண்டிகையில் லாவணிக் கச்சேரி உண்டு. காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று எதிர்க்கட்சி. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்றே பெயர். விடிய விடியப் பாட்டாலேயே வாதிடுவார்கள். முன்னவர் விட்ட கேள்விக்குப் பின்னவர் அந்த மெட்டிலேயே விடை கட்டவேண்டும், தடுமாறினால் தோல்வி. நம் வட்டத்துக் கூட்டங்கள் நள்ளிரவுவரை நீண்டபோதெல்லாம் இந்த லாவணியே என் நினைவுக்கு வந்தது என்பதைச் செயலாளர் பொறுத்தருள வேண்டும்.

இனி 1964. அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. ஒரே குடும்பத்தில் அண்ணன் இக்கரை, தங்கை அக்கரை என்றானது. மலையிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட தொடர்வண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றழைத்தனர். ரதி மன்மதனைப் பிரியும் பாட்டை ஆண்டுதோறும் கேட்டுப் பழகிய செவிகள் அவை. பிரிவைச் சொல்வதற்கு அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு மெட்டு இருந்தது. புலம்புவதற்கு ஒரு முறை இருந்தது. சொல்லும் மெட்டும் இல்லாமல் ஒரு பேரிழப்பின்முன் நிற்பது எத்தகைய வெறுமை என்பதைக் கவிஞர்களாகிய உங்களிடம் நான் சொல்லத் தேவையில்லை.

இந்த உறவு நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையை எண்ணிப் பாருங்கள். உறையிட்ட பால் உறையவில்லை. உறியில் வெண்ணெய் உருகவில்லை. எருதின் கண்ணில் நீர் வழிகிறது. ஏதோ பெருந்தீங்கு வரப்போகிறது. அப்போது மாதரி என்ன செய்கிறாள்? குரவை ஆடுவோம் என்கிறாள். ஏழு கன்னியரை நிறுத்தி, ஏழு இசைக்குப் பெயரான குரல் முதல் தாரம் வரையிலான பெயர்களை அவர்களுக்குச் சூட்டி, கண்ணகி காண ஆடவைக்கிறாள். அச்சத்தை நோக்கி அவர்கள் எடுத்துவைத்த அடி அது. குரவை தீங்கைத் தடுக்கவில்லை. கோவலன் கொலையுண்ட செய்தியே அடுத்து வருகிறது. இளங்கோ ஆட்டத்தின் ஆற்றலை மிகைப்படுத்தவில்லை. ஆனால் செய்தி கேட்டு மயங்கி வீழ்ந்து எழுந்த கண்ணகி, கதிரவனைச் சாட்சிக்கு அழைக்கும்போது யாரைக் கேட்கச் சொல்கிறாள்? குரவைக்குக் கூடிய அந்த ஆயர் மகளிரைத்தான். ஆடக் கூடியவர்கள் கலையாமல் நின்றார்கள். மதுரையில் அவளுக்கென்று இருந்த முதல் அவை அதுவே.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மை பேசியவன் ஆவேன். தப்பின் மறுபக்கம் சாதி. கூத்தின் வட்டத்தில் எல்லோரும் கால்வைப்பார்கள். தோலைத் தொடுபவர் மட்டும் ஒரு சாதியார். கூத்துக்கு அடித்த அதே கைகளைச் சாவுக்கும் அடிக்கக் கட்டாயப்படுத்தி, கூலியாகச் சில்லறையும் சாராயமும் கொடுத்து, திண்ணைக்கு வெளியே நிறுத்திய வழக்கம் ஊரிலிருந்து அவர்களோடு கடல் கடந்தது. ஆகவே தமிழகத்துச் சேரிகளில் இளைஞர்கள், இனிச் சாவுக்குப் பறை அடிக்கமாட்டோம் என்று மறுத்து எழுந்தார்கள். அந்த மறுப்புக்காக அடிபட்டவர்களும் உண்டு. கருவியைக் கீழே வைப்பதும் அங்கே ஒரு விடுதலைச் செயலே. மறுபுறம், முனைவர் கே. ஏ. குணசேகரன் போன்றவர்கள் அதே பறையை மேடையேற்றி, இழிவின் அடையாளமாக்கப்பட்டதைப் பெருமையின் குரலாக்கினார்கள். 2016இல் அவர் மறைந்தபோது, அவர் ‘தன்னானே’ குழுவின் பாட்டைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே கலங்கியது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறையிசைக்காகப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இரு வழியும் சரியே என்பது என் கருத்து. ஆனால் தப்பைத் தோளில் மாட்ட ஒருநாளும் துணியாத நாம், தப்பைக் கைவிட்ட இளைஞனிடம் போய், கலை அழிகிறதே தம்பி என்று அங்கலாய்ப்பது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. அவ்வளவு கவலை உள்ளவர் தம் மகனைக் கற்க அனுப்பட்டும்.

பெண்கள் நிலையும் அப்படித்தான். மலையில் கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண்கள். கூத்தில் ரதியாகவும் அவர்களுக்கு இடமில்லை. பறித்து வந்தபின் அடுப்பும் பிள்ளையும் காத்திருக்க, கூத்தின் முற்பகுதியைத் தவறவிட்டு, பிந்தி வந்து ஓரத்தில் நின்றவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கென்று தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் இருந்தன என்று ஆறுதல் சொல்லலாம். சமநீதி என்று சொல்ல முடியாது. இவ்விடத்தில் ஒரு பெண்ணை வணங்கிச் செல்ல வேண்டும். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தோட்டத்துக் கூட்டங்களில் தொழிலாளர் நிலையைப் பாட்டாகவே பாடியவர். மக்கள் முன்னமே அறிந்த மெட்டில் தம் சொல்லை வைத்தார். பேச்சைக் கேட்டவன் வீடு சேருமுன் மறந்துவிடலாம். பாட்டு அவனோடு லயம்வரை நடந்து போகும். 1940இல் அப்பாடல்கள் சிறு நூலாகவும் வந்தன. நம் இலக்கிய வரலாறுகளில் அவர் பெயரை எத்தனை பக்கங்களில் காண்கிறீர்கள் என்று வீடு திரும்பியதும் தேடிப் பாருங்கள். இன்று திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையைத் தாமே அடித்து ஆடுகிறார்கள். தோளில் கருவி மாட்டிய பெண்ணின் நடையே வேறாக இருப்பதை அவர்கள் ஆட்டத்தில் காணலாம்.

கடல் கடந்த தப்பைப் பற்றியும் ஒரு சொல். கயானாவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன நம்மவரின் வழித்தோன்றல்களிடம் தமிழ் இன்று பேச்சுமொழியாக இல்லை. ஆனால் காளியம்மன் வழிபாட்டில் அவர்கள் அடிக்கும் கருவியின் பெயர் தப்பு. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட குவாதலூப்புத் தீவில் மத்தளம் ‘மத்தலோன்’ எனவும், நம் நாடகம் ‘நாத்ரோன்’ எனவும் திரிந்து வழங்குகின்றன. பேச்சு போயிற்று, தோலின் ஒலியும் அதன் பெயரும் தங்கிவிட்டன. மொழியே எல்லாம் என்று மேடைதோறும் முழங்கும் நாம், நம் மொழியைவிட நீண்ட ஆயுள் நம் தாளத்துக்கு வாய்த்த இடங்களும் உண்டு என்பதைச் சற்று அடக்கத்தோடு எண்ணிப் பார்க்கலாம்.

மலையகத்துக்கு மீண்டும் வருகிறேன். நாடற்றோர் சிக்கலுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் பெருமளவு தீர்வு தந்தது. 2023இல், முன்னோர் வந்த வழியை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தார்கள். இருநூறு ஆண்டு நினைவு அது. லயங்கள் இன்னும் இருக்கின்றன. கூலி வழக்கும் முடிந்தபாடில்லை. இளைஞர் பலர் கொழும்புக் கடைகளுக்கும் அயல்நாடுகளுக்கும் போய்விட்டார்கள். மாசி மாதத்தில் அவர்களுள் சிலர் விடுப்பெடுத்து ஊர் திரும்புகிறார்கள். வாத்தியார்மார் முதுமையுற்றார்கள்; அவர்களுடைய பாட்டுக் குறிப்பேடுகள், எண்ணெய்க் கறையும் புகையும் படிந்த பள்ளிக்கூடக் கொப்பிகள், பலரது வீட்டில் பரணில் கிடக்கின்றன. இவ்வட்டம் பதினோராம் ஆண்டில் ஒரு பணியை மேற்கொள்வதாயின், புதிய கவிதைத் தொகுதி ஒன்றை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டு, அந்தக் கொப்பிகளில் பத்தையேனும் படியெடுத்து, உரியவர் பெயரோடு அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அச்சிட்ட பிரதியை முதலில் அந்தந்தத் தோட்டத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். செலவில் என் பங்கைப் பொருளாளரிடம் இன்றே செலுத்திவிடுகிறேன், பற்றுச்சீட்டு வேண்டும்.

உரை நீண்டுவிட்டது. விழாவின் இறுதி நிகழ்ச்சிக்காக வந்திருக்கும் தப்புக் குழுவினர் முற்றத்தில் நெருப்பு மூட்டி வெகுநேரமாகிறது. தோல் காய்ந்துவிட்டது என்று வாசலில் நின்று ஒருவர் சைகை காட்டுகிறார். இனியும் நான் பேசினால் அது தொய்ந்துவிடும். நாற்காலிகளை ஓரமாக அடுக்கி நடுவில் இடம்விடுமாறு தொண்டர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.